நாலரை மணி மாணவி

என் பொறுமையைச் சோதிப்பதற்கென்றே பன்னிரண்டு டேப்லெட்டுகளும் ஒரு பெரிய டிவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வகுப்பின் மாடிப்படி ஏறி வந்தன. ஓணம் முடிந்த அடுத்த வாரம். தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் முன்னால் வந்தார், சுமை தூக்குகிறவர்கள் இருவர் பின்னால் வந்தார்கள். அவர் முகத்தில் புது மாப்பிள்ளைக் களை.

"டீச்சரே, இனி நீங்க தொண்ட கிழிய கத்த வேண்டாம். எல்லாம் இது பாத்துக்கும். அடிபொளி சாதனமாக்கும்," என்றார். பிரமாதமான பொருளாம்.

அவர் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர். தமிழ் வகுப்பு நடத்த கொச்சியில், கொச்சங்காடியில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியைப் பிடித்துக் கொடுத்ததே அவர்தான். ஆனால் எதையாவது புதிதாகப் பார்த்துவிட்டால் அது நம்மிடமும் இருக்க வேண்டும் என்று துடிப்பார். யாரோ ஒரு புண்ணியவானிடம் பேசி இவற்றை நன்கொடையாக வாங்கிவிட்டார். நான் வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்டது ஒரு மின்விசிறி. அது இன்னும் வரவில்லை.

என் வகுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வார நாட்களில் நான் துறைமுகம் இருக்கும் ஐலண்டில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் படிவம் நிரப்புகிறவள். ஞாயிறு மூன்று மணிக்கு மட்டும் டீச்சர். இருபத்திரண்டு பிள்ளைகள். கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் காய்கறி வியாபாரத்துக்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் பாதி. மட்டாஞ்சேரியிலேயே பல தலைமுறையாக இருக்கும் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகள் மீதி. எல்லாரும் வீட்டில் தமிழ் பேசுவார்கள். எல்லாரும் மலையாளத்தை மளமளவென்று வாசிப்பார்கள். தமிழ் எழுத்தைக் காட்டினால் மட்டும் யார் வீட்டுக் கல்யாணமோ என்று பார்ப்பார்கள். தமிழ் அவர்கள் வாயில் இருந்தது, கண்ணில் இல்லை. வாயில் இருப்பதைக் கண்ணுக்குக் கொண்டுவருவதுதான் என் வேலை.

அதற்கு என்னிடம் ஒரே வழிதான் இருந்தது. ஒவ்வொரு பிள்ளையாக ஜன்னலோரம் கூப்பிட்டு, பழைய வாசிப்புப் புத்தகத்தில் அரைப் பக்கம் வாசிக்கச் சொல்வேன். மற்றவர்கள் அதற்குள் எழுதிக்கொண்டிருப்பார்கள், அல்லது எழுதுவதாக நடித்துக்கொண்டிருப்பார்கள். மெதுவான வேலை. ஆனால் யாருக்கு எது வரும், எது வராது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

டேப்லெட் வந்த பிறகு ஜன்னலோரம் போக நேரமே கிடைக்கவில்லை. முதல் அரை மணி நேரம் பாஸ்வேர்டுக்கே போய்விடும். ஒன்றில் சார்ஜ் இருக்காது. ஒன்று தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். ஒன்றை எடுத்து இரண்டு பேர் தங்கள் மூக்கைப் படம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். வைஃபை கீழே இருக்கும் சாயாக்கடைச் சேட்டனுடையது. அவருக்கு மனம் சரியில்லாத நாளில் பாஸ்வேர்டை மாற்றிவிடுவார். நான் கீழே இறங்கிப் போய் வேண்டாத ஒரு சாயாவைக் குடித்துவிட்டுப் புது பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி வர வேண்டும்.

விளையாட்டு ஒருவழியாகத் திறந்ததும் பலூன்கள் மேலேயிருந்து இறங்கும். ஒவ்வொரு பலூனிலும் ஒரு சொல். கீழே ஒரு படம். படத்துக்கு உரிய பலூனை உடைக்க வேண்டும். திரையின் கீழ் மூலையில் ஒலிபெருக்கி மாதிரி ஒரு சின்னப் படம் இருக்கும். அதை அழுத்தினால் ஒரு பெண் குரல் சொற்களை வாசித்துக் காட்டும், வாசிக்கிற பலூன் மட்டும் நிறம் மாறும். சரியாக உடைத்தால் "அருமை!" என்பாள். மூன்று முறை தவறாக உடைத்தாலும் மனம் இரங்கி "அருமை!" என்பாள். வாழ்நாளில் யார் மீதும் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை.

வீட்டிலும் விளையாட வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெயரும் எண்ணும் கொடுத்து, பெற்றோரின் ஃபோனில் அதைப் போட்டுக் கொடுத்தார் செயலாளர். ஒரு நாள் விளையாடினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தீ எரியும். தினமும் விளையாடினால் தீயோடு எண்ணிக்கை ஏறும். ஒரு நாள் விட்டால் தீ அணைந்து, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். சனிக்கிழமைதோறும் எனக்கு ஒரு பட்டியல் வரும். யார் முதல், யார் கடைசி, யார் எத்தனை மணிக்கு விளையாடினார்கள், எல்லாம் அதில் இருக்கும்.

நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்வளவு திட்டுகிறேனே, அந்தப் பட்டியல் எனக்குப் பிடித்துவிட்டது. உட்கார்ந்த இடத்தில் மதிப்பெண் வந்து விழுகிறது. திருத்த வேண்டாம், குறித்து வைக்க வேண்டாம். டேப்லெட்டைத் திட்டிக்கொண்டே பட்டியலை நம்பினேன்.

பட்டியலில் முதல் இடத்தில் எப்போதும் ஒரே பெண்தான். பன்னிரண்டு வயது. அம்மா ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறவர். அப்பா தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் இயந்திரத்தில் நிற்பவர். அந்தப் பெண்ணைச் சேர்க்க வந்த அன்றே அம்மா விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"டீச்சர், சங்கரன்கோவில் பக்கத்துல எங்க வீட்டு வேலை முடியப் போவுது. வர்ற ஜூன்ல நானும் இவளும் ஊரோட போறோம். இவங்கப்பா மட்டும் இங்க இருப்பாங்க. அங்க ஸ்கூல்ல கேட்டாச்சு. தமிழ் வாசிச்சுக் காட்டினா ஏழாங் கிளாஸு. வாசிக்கலன்னா அஞ்சுல போட்ருவாங்களாம். சின்னப் புள்ளைகளோட இவ எப்படி டீச்சர் உக்காருவா? இவ உசரத்த பாருங்க."

உயரத்தைப் பார்த்தேன். ஏற்கெனவே என் தோளுக்கு வந்திருந்தாள். மலையாளப் பள்ளியில் வகுப்பிலேயே இரண்டாவதாக வருகிறவள். அவளை ஐந்தாம் வகுப்பு பெஞ்சில் நினைத்துப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை.

ஆனால் கவலைப்படத் தேவையிருக்கவில்லை. பட்டியல் அப்படித்தான் சொன்னது. தீ ஒரு நாள்கூட அணையவில்லை. அதைவிட, அவள் விளையாடும் நேரம் என்னை அசத்தியது. தினமும் விடியற்காலம் நாலரை மணி. நான் வகுப்பில் அவளை எழுந்து நிற்கச் சொல்லி மற்றவர்களைக் கிழித்தேன்.

"பாருங்க இவளை! நீங்க எல்லாம் போர்வைக்குள்ள கிடக்கிற நேரத்துல எழுந்து தமிழ் படிக்கிறா. வெட்கமா இல்லையா உங்களுக்கு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று நினைத்தேன். வகுப்பு விளையாட்டிலும் அவள் அணிதான் வெல்லும். குரல் சொல்லி முடிப்பதற்குள் பலூனை உடைத்திருப்பாள். செயலாளர் அவள் படத்தைப் பெரிதாகப் போட்டு, 'டிஜிட்டல் தமிழில் முதலிடம்' என்று ஃபிளெக்ஸ் அடித்து மாடிப்படியில் மாட்டினார். மார்ச் மாதம் அந்த ஊர்ப் பள்ளிக்கு நானே சங்கத்தின் தாளில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். மாணவி தமிழ் வாசிப்பில் வகுப்பிலேயே முதல், ஏழாம் வகுப்பில் தாராளமாகச் சேர்க்கலாம் என்று எழுதி, கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தினேன். அவள் பெரியம்மா அதைக் கொண்டுபோய்த் தலைமையாசிரியையிடம் சேர்த்துவிட்டார்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு, கோடை மழை அடித்துப் பெய்து கரண்ட் போனது. டிவி அணைந்தது, வைஃபை போனது, அந்த 'அருமை'க்காரியும் வாயை மூடினாள். எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். அலமாரியிலிருந்து பழைய புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினேன். முதலில் நன்றாக வாசிக்கிறவளைக் கூப்பிடுவோம், மற்றவர்களுக்கு உறைக்கட்டும் என்று அவளை ஜன்னலோரம் அழைத்தேன்.

புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் பெருவிரல் மெல்ல நகர்ந்து பக்கத்தின் கீழ் மூலைக்குப் போய் ஒரு முறை அழுத்தியது. அங்கே ஒன்றுமில்லை. வெறும் தாள்.

நான் முதல் வரிக்குக் கீழே விரலை வைத்தேன்.

"முதல் வரி வாசிம்மா."

"டீச்சர்..."

"முதல் சொல்லு மட்டும்."

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "டீச்சர், நான் விளையாடல. அப்பாவாக்கும் விளையாடினது."

"எது?"

"வீட்டு விளையாட்டு முழுசும். வீட்ல ஒரு ஃபோன்தான் டீச்சர். அப்பா ஹார்பருக்குக் கொண்டு போயிரும். தீ கெட்டுப்போகும்னு நான்தான் அப்பாவ விளையாடச் சொன்னேன்."

"எப்போலேர்ந்து?"

"ஃபர்ஸ்ட்லேர்ந்து."

வகுப்பில் எப்படி வென்றாள் என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அந்தக் குரல் வாசிக்கும், இவள் காது பிடிக்கும், விரல் உடைக்கும். தமிழ் காதில் இருக்கிற பிள்ளைக்கு எழுத்து எதற்கு? எந்தப் பலூன் நிறம் மாறுகிறது என்று பார்த்தால் போதும். எட்டு மாதம் இது என் கண் முன்னால் நடந்திருக்கிறது. நான் பாஸ்வேர்டு தேடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அலுவலகத்துக்கு முன்னால் தோப்பும்படிக்கு பஸ் ஏறினேன். இரவெல்லாம் சரியாகத் தூங்காத எரிச்சலும் சேர்ந்துகொண்டது. ஆறு மணி இருக்கும். கவிழ்த்துப்போட்ட மீன்பெட்டி ஒன்றின் மேல் ஃபோன் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதைச் சுற்றி ரப்பர் பூட்ஸ் போட்ட நான்கு பேர். நடுவில் அவள் அப்பா. நாலரைக்கு ஐஸ் உடைத்து முடித்துவிட்டால் படகு வரும்வரை அவர்களுக்கு வேலையில்லை என்று பிறகு தெரிந்தது. அன்று படகு தாமதம், ஆட்டம் நீண்டிருந்தது.

ஒருவர் கடுப்பாகப் பேசிக்கொண்டிருந்தார். "இது என்ன மீனுன்னு போடாண்டாமா? வெறுமனே மீனுன்னு போட்டா என்னத்த உடைக்க? இந்த நிறத்துல கடல்ல ஒரு மீனும் கிடையாது."

"நீ பேசாம இரு. மீனுன்னா மீனு. உடை," என்றார் அவள் அப்பா. உடைத்தார். "அருமை!" என்றாள் அந்த 'அருமை'க்காரி, சன்னமாக. நால்வரும் சிரித்தார்கள்.

"நல்லா இருக்கு," என்றேன் நான் பின்னாலிருந்து.

அவர் பதறி எழுந்த வேகத்தில் ஃபோன் ஐஸ்தூளில் விழுந்தது. என் வாயிலிருந்து என்னவெல்லாம் வந்தது என்று முழுதாக நினைவில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. "ஏழாம் கிளாஸுக்கு உங்க பொண்ணு போகணுமா, நீங்க போகணுமா?" பக்கத்தில் நின்றவர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

"மன்னிச்சிருங்க டீச்சர்," என்றார் அவர். "தீ அணைஞ்சிரக் கூடாதுப்பான்னு அழுதா. நாலாங் கிளாஸோட விட்டவன் நான், எல்லாம் மறந்துபோச்சு. பதினெட்டு வருசமா இங்க பஸ் போர்டக்கூட ஆளப் பாத்துக் கேட்டுத்தான் ஏறுதேன். மொத நாலு நாளு அந்தப் பொம்பள வாசிக்கத கேட்டுத்தான் உடைச்சேன். பொறவு அவ சத்தத்தக் கொறச்சு வச்சேன், இங்க மத்த மிஷின் சத்தத்துல சரியா கேக்கவும் செய்யாது. எழுத்தப் பாத்துப் பாத்து... இப்ப தன்னால வருது டீச்சர். அவளும் வகுப்புல படிச்சிருவான்னுதான் நெனச்சேன்."

நான் மீன்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். புடவை நனைந்தது. எட்டு மாதம் தமிழ் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அதுவும் நன்றாகவே. தவறான ஆளுக்கு.

"அந்த விளையாட்டை ஃபோன்லேர்ந்து அழிச்சிடுங்க," என்றேன்.

மகள் விஷயத்தில் நான் திட்டியதற்கெல்லாம் தலையாட்டியவர் இதற்கு மட்டும் ஆட்டவில்லை. ஃபோனை எடுத்துச் சட்டையில் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "அது மட்டும் சொல்லாதீங்க டீச்சர். வேற என்ன சொன்னாலும் செய்யுதேன்," என்றார். எனக்கு அப்போது அவர் மேல் இரக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

செயலாளரிடம் சொன்னேன். அவர் அசரவில்லை. "ரிப்போர்ட் நன்கொடைக்காரங்களுக்குப் போயாச்சு டீச்சரே. ஃபிளெக்ஸும் அடிச்சாச்சு. இனி மிண்டாம இருந்தா போதும்," என்றார். பேசாமல் இரு என்று பொருள். பேசாமல் இருந்தால் ஜூனில் அந்தப் பெண் தலைமையாசிரியை முன்னால் தாளின் மூலையை அழுத்திக்கொண்டு நிற்பாள், என் கடிதம் மேசை மேல் இருக்கும்.

ஆறு வாரம் இருந்தது. தினமும் மாலை அலுவலகம் விட்டதும் படகுத்துறையிலிருந்து நேராகக் கிடங்குக்கு வருவேன். அவள் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பாள், தலைக்கு மேல் அவளுடைய ஃபிளெக்ஸ். இரண்டாம் நாள் அவளே அதைக் கழற்றிச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு வகுப்பில் நான் கேட்காமலேயே எழுந்து, "நாலரைக்கு எழுந்தது அப்பா. நான் உறங்கிக்கிட்டு இருந்தேன்," என்று சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. நானும் எழுந்து, அவளைக் காட்டி அவர்களைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அதற்குத்தான் சிரித்தார்கள்.

பழைய புத்தகத்தை மூன்று வாரத்தில் முடித்தோம். பிறகு வாசிக்க எதுவும் இல்லை. மட்டாஞ்சேரியில் தெருப்பலகை எல்லாம் மலையாளம், ஆங்கிலம். ஆனால் கிடங்குகளில் தமிழ்நாட்டிலிருந்து வரும் சாக்குகள் இருந்தன. அரிசிச் சாக்கு, வெங்காயச் சாக்கு, அப்பளக் கட்டு, கடைக்காரர்கள் மாட்டியிருந்த தினசரி நாட்காட்டி. சாக்கு சாக்காக வாசித்தாள். சுமை தூக்குகிறவர்கள், "மோளே, அதில் எந்தா எழுதியிரிக்குன்னது?" என்று, என்ன எழுதியிருக்கிறது என விசாரித்து, அவள் வாசிப்பதை நின்று கேட்டார்கள். திக்கினால் நான் கத்துவேன். "கத்தாதீங்க டீச்சர், கத்தினா வர்றதும் போயிருது," என்று ஒரு நாள் அவள் திருப்பிக் கத்தினாள். அன்றிலிருந்துதான் வேகமாக வந்தது.

வேகமாக வந்தது, ஆனால் ஆறு வாரம் ஆறு வாரம்தான். ஜூன் முதல் வாரம் அம்மா ஃபோன் செய்தார். தலைமையாசிரியை ஒரு பக்கம் கொடுத்தாராம். இவள் முழுப் பக்கமும் வாசித்தாளாம். நடுவில் நான்கு இடத்தில் நின்று, வாசிப்பதில் கொஞ்சம் மலையாள ராகத்தோடு. ஏழாம் வகுப்புப் பாடத்தை இந்த வேகத்தில் வாசித்தால் பின்தங்கிவிடுவாள் என்று சொல்லி, ஆறில் போட்டுவிட்டாராம். "அஞ்சு இல்லல்ல டீச்சர், அது போதும்," என்றார் அம்மா.

எனக்குப் போதவில்லை. எட்டு மாதம் ஜன்னலோரம் கூப்பிட்டிருந்தால் ஏழுதான். அந்தப் பிள்ளைக்குப் போன ஒரு வருடம் என்னால் போனது. இதை வேறு யார் மேலும், எந்த இயந்திரத்தின் மேலும் போட என்னால் முடியவில்லை. போட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை.

ஜூலையில் செயலாளர் வந்தார். "வகுப்ப விட்டுப் போன பிள்ளைகளோட பேர லிஸ்ட்லேர்ந்து எடுக்கணும் டீச்சரே," என்றார். பட்டியலைத் திறந்தேன். முதல் இடத்தில் அவள் பெயர். பக்கத்தில் தீ எரிந்துகொண்டிருந்தது. அன்று விடியற்காலம் நாலரை.

எனக்குப் பழைய எரிச்சல் மூக்குக்கு மேல் வந்தது. அவள் அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். "பொண்ணுதான் ஊருக்குப் போயாச்சே, இன்னும் எதுக்கு அவ பேர்ல விளையாடிக்கிட்டு இருக்கீங்க?"

மறுமுனையில் இயந்திரச் சத்தம் கேட்டது. அவர் எங்கோ ஒதுக்குப்புறமாக நடந்து போனார் போலிருக்கிறது, சத்தம் குறைந்தது.

"டீச்சர், அவ எனக்கு வாய்ஸ் அனுப்ப மாட்டேங்கா. நோட்டுல எழுதி, போட்டோ எடுத்து, போறப்ப அவங்கம்மாவுக்கு வாங்கிக் குடுத்த ஃபோன்லேர்ந்து அனுப்புதா. நெதம் ஒரு பக்கம். நீ விளையாடித்தான படிச்ச, வாசி அப்படின்னு எழுதியிருக்கா. விட்டா மறந்துபோயிரும்னுதான் விளையாடுதேன்."

"வாசிக்க முடியுதா?"

"வாசிச்சிருதேன் டீச்சர். பதில்தான் எழுதத் தெரியல. இதுல எழுத எங்க சொல்லித் தரான், உடைக்கத்தான் சொல்லித் தரான். நெதம் கேக்கா, ஏம்ப்பா பதில் போட மாட்டேங்கன்னு."

பட்டியலை மூடினேன். பிறகு வழக்கமான குரலிலேயே சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு வாங்க. ஒரு நோட்டு, ஒரு பென்சில். அந்த ஃபோனை மட்டும் எடுத்துக்கிட்டு வராதீங்க. பதில் எழுத வர்ற வரைக்கும் அந்த விளையாட்டைத் தொடவே கூடாது."

"தீ அணைஞ்சிருமே டீச்சர்."

"அணையட்டும்," என்றேன்.